அனல்மின் புகையிலிருந்து கரியமில வாயுவை அமீன் கரைசலால் பிடிப்பது: மேட்டூர் கணக்கில் கேள்விகளும் பதில்களும்

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் உள்ளன. மொத்தம் 1,440 மெகாவாட். கீழே வரும் எண்களுக்கு அங்குள்ளதைப் போன்ற ஒரு 210 மெகாவாட் அலகையே அளவுகோலாக வைத்திருக்கிறோம். இது கணக்குக்காக மட்டுமே. அங்கே இப்படியொரு ஆலை ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புகையில் கரியமில வாயு எவ்வளவு இருக்கும்?

நிலக்கரிப் புகையில் கன அளவில் 12 முதல் 14 சதவீதம். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன், அதோடு நீராவி, 5 சதவீதம் அளவுக்கு எரியாமல் மிஞ்சிய ஆக்சிஜன். 210 மெகாவாட் அலகு முழுச் சுமையில் ஓடினால் மணிக்குச் சுமார் 200 டன் கரியமில வாயு வெளியேறும். அதைச் சுமந்துவரும் புகை மணிக்கு 8 லட்சம் கனமீட்டர். வாயு இவ்வளவு நீர்த்து, சாதாரணக் காற்றழுத்தத்தில் வருவதுதான் முதல் சிக்கல். வெறும் தண்ணீரில் கரைத்துப் பிடிக்க முடியாது. வாயுவோடு வேதிவினை புரியும் கரைசல் தேவை.

சேர்வராயன் மலையில் மரம் நட்டே சரிசெய்துவிட முடியாதா?

மரம் நடுவது நல்லது. ஆனால் அளவைப் பாருங்கள். இந்த ஓர் அலகு ஆண்டுக்கு 80 சதவீதச் சுமையில் ஓடினால் 14 லட்சம் டன். நன்றாக வளரும் இளங்காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10 டன் உறிஞ்சும் என்று தாராளமாக வைத்தாலும் 1.4 லட்சம் ஹெக்டேர் வேண்டும். அந்த மலையிலுள்ள ஏற்காடு வட்டம் முழுவதுமே 38,000 ஹெக்டேர்தான். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே காடும் காப்பித் தோட்டமுமாக இருக்கிறது.

எந்தக் கரைசல்? அது வாயுவை எப்படிப் பிடிக்கிறது?

அடிப்படையானது மோனோஎத்தனாலமீன். அம்மோனியாவை ஒத்த, அமீன் எனப்படும் கரிமச் சேர்ம வகையில் ஒன்று. எடையில் 30 பங்கு அமீன், 70 பங்கு நீர். அமீன் காரத்தன்மை கொண்டது, கரியமில வாயு நீரில் மென்மையான அமிலமாக நடந்துகொள்வது. இரண்டும் சேர்ந்து கார்பமேட் என்ற சேர்மம் உருவாகிறது. ஒரு மூலக்கூறு வாயுவைக் கட்ட இரண்டு மூலக்கூறு அமீன் செலவாகும். அதனால் ஒரு மோல் அமீனுக்கு அரை மோல் வாயு என்பதே நடைமுறை உச்சவரம்பு. சூடாக்கினால் இந்தப் பிணைப்பு அவிழ்ந்து வாயு வெளியே வரும், அமீன் மறுபடி பயன்படும்.

1930இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்ய எத்தனையோ ஆண்டுகளாகப் பயன்படுகிறது. ஆகவே வாயுவைப் பிடிப்பதில் புதிர் எதுவும் இல்லை. பிடித்ததை விடுவிக்கும் வெப்பமும், கரைசலைக் கெடாமல் காப்பதுமே மொத்தச் செலவையும் தீர்மானிக்கின்றன. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றித்தான்.

ஆலையில் புகை எந்த வழியாகப் போகும்?

தூசிவடிப்பானான ஈஎஸ்பியைத் தாண்டி 130 முதல் 140 டிகிரி செல்சியஸில் வரும் புகையை முதலில் நேரடியாகத் தண்ணீர் தெளித்து 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இதே இடத்தில் சோடா கரைசல் கலந்து தெளித்தால் மிச்சமிருக்கும் கந்தக டையாக்சைடும் கழுவப்பட்டுவிடும். பிறகு ஒரு பெரிய பிளோயர். உறிஞ்சு கோபுரத்தின் தடையைத் தாண்டிப் புகையைத் தள்ள அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் நீர் உயர அளவுக்கு அழுத்தம் கூட்டினால் போதும்.

உறிஞ்சு கோபுரத்தில் நெளிநெளியான எஃகுத் தகடுகளை அடுக்கிய பேக்கிங் 15 முதல் 20 மீட்டர் உயரத்துக்கு இருக்கும். புகை கீழிருந்து மேலே ஏறும், கரைசல் மேலிருந்து தகடுகளில் படலமாக வழியும். நம் அலகின் முழுப் புகைக்கும் ஒரே கோபுரம் என்றால் விட்டம் 12 முதல் 13 மீட்டர் வரும். வினை வெப்பத்தை வெளிவிடுவதால் கோபுரத்தின் மேல்பாதியில் கரைசல் 60 டிகிரியைத் தாண்டும். அங்கே அமீன் ஆவி புகையோடு ஏறுவதால், உச்சியில் நீர்க்கழுவலும் அதற்கு மேல் துளிகளைத் தடுக்கும் டிமிஸ்டரும் கட்டாயம்.

கோபுரத்தின் அடியில் வாயு நிறைந்த கரைசல் சேரும். ஆலைக்காரர்கள் இதை ரிச் அமீன் என்பார்கள். ஒரு மோல் அமீனில் 0.45 முதல் 0.5 மோல் வாயு. இது ஒரு வெப்பமாற்றியில், திரும்பிவரும் சூடான கரைசலோடு வெப்பம் பரிமாறி 100 டிகிரிக்கு மேல் ஏறி, வாயுவைப் பிரித்தெடுக்கும் ஸ்ட்ரிப்பர் கோபுரத்துக்குப் போகும். ஸ்ட்ரிப்பரின் அடியில், நீராவியால் கரைசலைக் கொதிக்கவைக்கும் ரீபாய்லர். 120 டிகிரி, 2 பார் அழுத்தம். வாயுவும் நீராவியும் மேலே போக, நீராவியைக் குளிர்வித்துத் திருப்பினால் மிஞ்சுவது 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான கரியமில வாயு. அடியில் மிஞ்சுவது வாயு குறைந்த கரைசல், அதாவது லீன் அமீன். அதிலும் 0.2 மோல் வாயு தங்கியிருக்கும். அதையும் முழுக்கத் துடைத்தெடுக்க முயன்றால் நீராவிச் செலவு எகிறும். எனவே அப்படியே குளிர்வித்து மறுபடி உறிஞ்சு கோபுரத்துக்கு அனுப்புகிறார்கள்.

எவ்வளவு கரைசல் சுற்ற வேண்டும்?

ஒரு கிலோ கரைசலில் 300 கிராம் அமீன், அதாவது 4.9 மோல். ஒவ்வொரு சுற்றிலும் மோலுக்கு 0.25 மோல் வாயு ஏறி இறங்கினால், ஒரு கிலோ கரைசல் சுமப்பது 54 கிராம். ஒரு டன் வாயுவுக்கு 18.5 டன் கரைசல். 90 சதவீதம் பிடிக்க, அதாவது மணிக்கு 180 டன் பிடிக்க, 3,300 டன் கரைசல் இடைவிடாமல் ஓட வேண்டும்.

வெப்பம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது?

ஒரு டன் வாயுவை விடுவிக்க 30 சதவீத அமீன் கரைசலுக்கு 3.5 முதல் 4 கிகாஜூல் வெப்பம் போகும். அது மூன்று இடங்களில் செலவாகிறது. முதலாவது பிணைப்பை அவிழ்ப்பது. மோலுக்கு 85 கிலோஜூல், டன்னுக்கு 1.9 கிகாஜூல். மொத்தத்தில் பாதி இதுதான். இரண்டாவது, கரைசலைச் சூடேற்றுவது. வெப்பமாற்றி எவ்வளவு நன்றாக இருந்தாலும் 5 முதல் 10 டிகிரி இடைவெளி விழும். 18.5 டன் கரைசலை, அதிலும் முக்கால்வாசி தண்ணீரை, அந்த இடைவெளியோடு ஒவ்வொரு சுற்றிலும் ஏற்ற வேண்டும். மூன்றாவது, வாயுவை ஸ்ட்ரிப்பரிலிருந்து மேலே இழுத்துச் செல்லும் நீராவி. அது வாயுவோடு வெளியேறிக் குளிர்விப்பானில் தன் வெப்பத்தை விட்டுவிடும்.

கரைசலை இன்னும் சூடாக்கினால் வேகமாக விடுவிக்கலாமே என்று கேட்பார்கள். 120 டிகிரியைத் தாண்டியதும் கார்பமேட் தனக்குள்ளேயே இணைந்து, திரும்பி வராத கனமான சேர்மங்களாக மாறத் தொடங்கும். ரீபாய்லர் குழாய்ச் சுவரின் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். கரைசல் 120இல் இருந்தாலும் சுவர் 150ஐத் தொட்டால் அந்த மெல்லிய படலத்திலேயே அமீன் வெந்துபோகும். அதனால் ரீபாய்லருக்கு 3 பார் அளவிலான தணிந்த நீராவியைத்தான் கொடுக்கிறார்கள்.

மின் உற்பத்தியில் எவ்வளவு போகும்?

மணிக்கு 180 டன் பிடிக்க 670 கிகாஜூல் வெப்பம், அதாவது 300 டன்னுக்கு மேல் நீராவி. 210 மெகாவாட் டர்பைனுக்குள் நுழையும் மொத்த நீராவியே மணிக்கு 650 டன் அளவுதான். கடைசி டர்பைன் பகுதிக்குப் போக வேண்டியதில் பாதிக்கு மேல் பிடுங்கப்படுகிறது. அதனால் 40 மெகாவாட் குறையும். பிடித்த வாயுவைக் குழாயில் அனுப்ப 110 பாருக்கு அமுக்க டன்னுக்கு 100 யூனிட் வீதம் 18 மெகாவாட். பிளோயரும் பம்புகளும் இன்னும் சில மெகாவாட். ஆக 60 மெகாவாட்டுக்கு மேல் இழப்பு. வேறு பொருளில் சொன்னால், அதே நிலக்கரிக்கு வீடுகளுக்குப் போகும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அலகில் ஒரு பகுதிப் புகையை மட்டும் எடுத்துச் செய்தால் இழப்பும் அதே விகிதத்தில் குறையும். பழைய அலகுகளுக்கு அதுவே நடைமுறைக்கு ஒத்த தொடக்கம் என்பது எங்கள் கருத்து.

நம்மூர் நிலக்கரியில் கந்தகம் குறைவுதானே, தனியாக நீக்க வேண்டுமா?

கட்டாயம் நீக்க வேண்டும். இந்திய நிலக்கரியில் கந்தகம் 0.3 முதல் 0.5 சதவீதம்தான், உண்மை. ஆனாலும் புகையில் 500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு அளவுக்குக் கந்தக டையாக்சைடு வரும். அது கரியமில வாயுவைவிட வலுவான அமிலம். அமீனைப் பிடித்தால் ஸ்ட்ரிப்பரின் சூட்டிலும் விடாது. ஒரு மூலக்கூறு இரண்டு அமீனை நிரந்தரமாக முடக்கும். கணக்கிட்டால் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 10 கிலோவுக்கு மேல் அமீன் வீண். நம் அலகில் ஒரு மணிக்கு 2 டன் அமீன், ஒரு நாளைக்கு 40 டன்னுக்கு மேல். எந்த ஆலையாலும் தாங்க முடியாது. 10 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்தால் அதே இழப்பு டன்னுக்கு 200 கிராமாகச் சுருங்கும்.

சுண்ணாம்புக்கல் கூழால் கந்தகத்தை நீக்கும் கோபுரத்தை எல்லா அனல்மின் நிலையங்களும் அமைக்க 2015 டிசம்பர் விதி வழிவகுத்தது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே வந்துவிட்டது. அமீன் ஆலையைப் பொறுத்தவரை விலக்கு உதவாது. அக்கோபுரம் இல்லாத இடத்தில் அமீன் ஆலைக்கு முன் அந்தச் செலவையும் சேர்த்தே போட வேண்டும்.

சாம்பல்?

இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். ஈஎஸ்பி நன்றாக ஓடினாலும் நுண்தூசி கொஞ்சம் தப்பும். ஈஎஸ்பியின் ஒரு பகுதி நின்றால் நிறையவே தப்பும். கரைசலில் சேர்ந்த தூசி பேக்கிங்கில் படியும், வெப்பமாற்றித் தகடுகளை அடைக்கும், நுரையை நிலைக்கவைக்கும். சாம்பலில் உள்ள இரும்பு கரைந்தால், புகையின் ஆக்சிஜன் அமீனைத் தாக்கும் வினையை அது முடுக்கியும் விடும். கனடாவின் சாஸ்கட்சுவானில் 2014இல் தொடங்கிய பவுண்டரி டேம் மூன்றாம் அலகு திட்டமிட்ட அளவை எட்ட முடியாமல் தவித்ததற்குச் சாம்பல் அடைப்பும் அமீன் சிதைவும் முக்கியக் காரணங்கள். நம் நிலக்கரியில் சாம்பல் அதைவிட அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

ஆலை ஓடும்போது என்னென்ன கெடும், எப்படிக் கண்டுபிடிப்பது?

நுரை: கோபுரத்தின் மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு திடீரென்று ஏறி, அடிமட்டத்தில் கரைசல் குறைந்தால் நுரைதான். காரணம் தூசி, சிதைந்த அமீன், கம்ப்ரசரிலோ பம்பிலோ கசிந்த எண்ணெய். நுரைமுறிப்பானைச் சில பிபிஎம் அளவில் கொடுத்தால் அடங்கும். அடங்கவில்லை என்று மேலும் மேலும் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. மிகையான நுரைமுறிப்பானே நுரையைக் கூட்டும். சுற்றும் கரைசலில் ஒரு பகுதியை எப்போதும் நுண்வடிகட்டி, கரித்தூள் வடிகட்டி, மறுபடி நுண்வடிகட்டி என்ற வரிசையில் செலுத்துவதே நிலையான மருந்து. கடைசி வடிகட்டியை விட்டுவிட்டால் கரித்தூளே கரைசலுக்குள் போய் நுரையை உண்டாக்கும்.

நிறம்: புது அமீன் நிறமற்றது. வைக்கோல் நிறம் வரை கவலையில்லை. கரும்பழுப்பாகி, அம்மோனியா வாடை தூக்கினால் ஆக்சிஜன் சிதைவு நடக்கிறது. ஃபார்மிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்கள் உருவாகி அமீனோடு உப்பாகத் தங்கும். வெப்பத்தில் பிரியாத உப்பு என்பது இதுதான். இதை மீட்க ரீகிளைமர் என்ற தனிக் கொதிகலம் இருக்கிறது. கரைசலில் சிறு பங்கை எடுத்து, சோடா காரம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் அமீன் ஆவியாகித் திரும்பும், உப்பும் கசடும் அடியில் தங்கும். அந்தக் கசடு அபாயகரக் கழிவு. நிலையத்தின் சாம்பல் குளத்தில் கொட்டவே கூடாது. நல்ல பராமரிப்பிலும் டன் வாயுவுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ அமீன் புதிதாகச் சேர்க்க வேண்டிவரும்.

அரிப்பு: சூடான ரிச் அமீன் ஓடும் இடங்களே முதலில் அரிக்கும். வெப்பமாற்றியை விட்டு வெளியே வரும் குழாய், ஸ்ட்ரிப்பரில் நுழையும் வாய், ரீபாய்லர். அழுத்தம் குறைந்த வளைவில் வாயு பிரிந்து கொதித்தால் அந்த வளைவு சீக்கிரம் ஓட்டையாகும். அதனால் கட்டுப்பாட்டு வால்வை ஸ்ட்ரிப்பர் வாய்க்கு மிக அருகில் வைக்க வேண்டும். இந்த இடங்களுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. வாரந்தோறும் கரைசலில் இரும்பின் அளவை அளந்து வரைபடமாக வைத்தால், குழாய் ஓட்டையாகும் முன்பே செய்தி கிடைத்துவிடும். அமீன் 30 சதவீதத்தில் நிறுத்தப்படுவதற்கும் அரிப்புதான் பெரிய காரணம்.

நீர்க்கணக்கு: உள்ளே வரும் புகையும் வெளியேறும் புகையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் கரைசலின் நீர் கூடாது, குறையாது. வெளிவாயில் 3 டிகிரி கூடினாலே கரைசல் கெட்டியாகத் தொடங்கும். உச்சிக் கழுவலின் குளிர்ச்சியைச் சரிசெய்தால் போதும், தொட்டியில் தண்ணீர் ஊற்ற ஓட வேண்டாம்.

வேறு நல்ல கரைசல்கள் இல்லையா?

இருக்கின்றன. பிப்பரசீன் கலந்தவை, மூலக்கூறில் பருத்த கிளைகள் இருப்பதால் வாயுவைத் தளர்வாகப் பிடிக்கும் ஏஎம்பி போன்ற இடையூறு அமீன்கள், பல நிறுவனங்களின் காப்புரிமைக் கலவைகள். சில 2.5 கிகாஜூல் அளவுக்கு வெப்பத்தைக் குறைக்கின்றன, சிதைவும் குறைவு. விலை பல மடங்கு, ஆகவே சாம்பலாலும் கந்தகத்தாலும் இழக்கும் ஒவ்வொரு கிலோவும் அதிகம் வலிக்கும். முன்சுத்தம் சரியாக அமையும் வரை விலையுயர்ந்த கரைசலுக்குத் தாவ வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு கூடுதலாக வேண்டும்?

இழந்த 60 மெகாவாட்டும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். புகையைக் குளிர்விப்பதில் 30 மெகாவாட். குளிர்கோபுரத்தில் இது மணிக்கு 1.4 லட்சம் லிட்டர் அளவுக்கு ஆவியாகும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியில் நிற்கும்போது இது பெரிதாகத் தெரியாது. நீர்வரத்து குறைந்த ஆண்டில், குடிநீருக்கும் டெல்டாவுக்கும் போக மிஞ்சியதிலிருந்துதான் இதையும் எடுக்க வேண்டும். கோடையில் குளிர்நீர் சூடாக வந்தால் புகையை 40 டிகிரிக்கு இறக்குவதும் கடினமாகும், பிடிப்பு விகிதம் விழும்.

பக்கத்து ஊர்களுக்கு ஆபத்து உண்டா?

இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, புகையோடு தப்பும் அமீன். அது நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து நைட்ரோசமீன்களாக மாறக்கூடும். அவற்றில் பல புற்றுநோய்க் காரணிகள். நீர்க்கழுவல் ஒழுங்காக ஓடுவதும், புகைபோக்கியில் அமீனையும் அம்மோனியாவையும் தொடர்ந்து அளப்பதும் இதற்காகத்தான். இன்னொன்று, அமுக்கிய கரியமில வாயுவின் கசிவு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், நிறமோ மணமோ இல்லை. பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே உணரிகளைத் தரையோரமாகப் பொருத்த வேண்டும். பள்ளத்தில் ஒருவர் விழுந்தால் மூச்சுக்கருவி இல்லாமல் காப்பாற்ற இறங்கக் கூடாது.

பிடித்த வாயுவை என்ன செய்வது? சேலத்தில் மண்ணுக்கடியில் புதைக்கலாமா?

முடியாது. சேலமும் சேர்வராயனும் சார்னோகைட், நைஸ் போன்ற இறுகிய பாறைகள். வாயு தங்க நுண்துளைகள் வேண்டும், அதன்மேல் மூடிபோல் களிப்பாறை வேண்டும். அவை இருக்கும் அருகிலுள்ள படிவப்பாறைப் பகுதி கிழக்கே காவிரிப் படுகைதான். அதுவரை குழாய் போட வேண்டும்.

ஆனால் சேலத்தில் வேறொன்று இருக்கிறது. சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கரியமில வாயு கல்லில் கட்டுண்ட வடிவமே. மக்னீசியம் நிறைந்த டுனைட் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவியதால் அது உருவானது. இயற்கை செய்ததை நாமும் செய்யலாமே என்ற கேள்வி நியாயமானது. கணக்குப்படி ஒரு டன் வாயுவுக்கு, டுனைட்டின் முக்கியக் கனிமமான ஒலிவின் தூய நிலையில் 1.6 டன் வேண்டும். நம் ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 7,000 டன். அதை மாவாக அரைத்து, 185 டிகிரியிலும் 150 பாரிலும் வைத்தால்தான் மணிக்கணக்கில் வினை முடியும். சாதாரண வெப்பத்தில் ஆண்டுக்கணக்காகும். சுரங்கத்தில் ஒதுக்கிக் குவித்த டுனைட் கழிவில் சிறு அளவில் முயல்வதற்கு இடமுண்டு, அனல்மின் நிலையம் முழுவதற்கும் அது தீர்வாகாது.

இதே வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் எடையில் 52 சதவீதம் கரியமில வாயுவாகவே வெளியேறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எரிபொருளின் வாயுவும் சேர்வதால் சூளைப்புகை அனல்மின் புகையைவிடச் செறிவானது. அளவும் சிறியது. மாவட்டத்தில் முதல் அமீன் ஆலைக்குப் பொருத்தமான இடம் மின்நிலையமா சூளையா என்றால், சூளையையே நாங்கள் முதலில் பார்ப்போம். தூசியை மட்டும் நன்றாக வடிகட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் இது எங்காவது நடந்திருக்கிறதா?

தூத்துக்குடியில் 2016 முதல், ஒரு சோடா உப்பு ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து அமீன் கரைசலால் பிடித்து, அந்த வாயுவையே சோடா உப்பு செய்யப் பயன்படுத்தினார்கள். திட்ட அளவு ஆண்டுக்கு 60,000 டன். நம் 210 மெகாவாட் அலகில் பிடிக்க வேண்டியது அதைப்போல் 20 மடங்கு. வாயுவை வாங்கிக்கொள்ள அதே வளாகத்தில் ஆள் இருந்ததுதான் அங்கே கணக்கு நேரானதற்குக் காரணம்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க என்ன வேண்டும்?

30 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாய், அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டர் கண்ணாடி வளையங்கள். 1,400 கிராம் காய்ச்சி வடித்த நீரில் 600 கிராம் மோனோஎத்தனாலமீனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், சூடேறும். உண்மைப் புகை வேண்டாம். சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 1.2 லிட்டர் கரியமில வாயுவையும் 8.8 லிட்டர் காற்றையும் கலந்து கீழிருந்து விடுங்கள். கரைசல் நிமிடத்துக்கு 60 மில்லி மேலிருந்து. அரைமணி நேர ஓட்டத்துக்கு இது போதும்.

அமீனின் செறிவை அளக்க 5 கிராம் மாதிரியை மெத்தில் ஆரஞ்சு சேர்த்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கலாம். 30 சதவீதமானால் 24.6 மில்லி அமிலம் செலவாகும். ஏறிய வாயுவை அளக்க, மூடிய குடுவையில் 2 கிராம் மாதிரியின் மேல் மிகையான அமிலத்தை விட்டு, வெளிவரும் வாயுவை அளவுக்குழாயில் சேகரியுங்கள். 0.45 மோல் ஏறியிருந்தால் அறை வெப்பத்தில் 108 மில்லி வரும். சேகரிக்கும் குழாயில் வெறும் தண்ணீர் வைத்தால் வாயு அதிலேயே கரைந்து குறைவாகக் காட்டும். அமிலம் சேர்த்த உப்புநீரை வையுங்கள். அமீன் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள், பட்டுவிட்டால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.